மண்வள அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள்

கோத்தகிரிக்குப் பக்கத்து ஹட்டி (படுகர் ஊர்) ஒன்றிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "மாலையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடிப் படிக்கிறோம். ப்ளஸ் டூ பிள்ளைகள், சிறு தேயிலை விவசாயிகள், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர். கதையும் நாவலும் நிறையப் படித்தாயிற்று. இனி கணிதம், அறிவியல் வரலாறு, மண் இந்த மூன்றிலும் ஏதாவது படிக்க ஆசை. பாடப்புத்தகம் மாதிரி இருக்கக் கூடாது. எதில் தொடங்குவது? மூன்றையும் ஒரே குழு படிக்க முடியுமா?"

தாராளமாக முடியும் தம்பி. இந்த மாவட்டத்து மண்ணைச் சலித்து, கரைத்து, அளந்தே என் வேலைநாள் முழுக்கக் கழிந்தது. குன்னூரில் ஓய்வாக உட்கார்ந்த பிறகும் அந்த மூன்றையும் பிரித்துப் பார்க்க எனக்கு வரவில்லை. மண்ணைக் கையில் எடுத்தால் அளக்கத் தோன்றும். அளந்தால் "இந்த அளவையை முதலில் யார் யோசித்தார்கள்?" என்று கேட்கத் தோன்றும். ஆகவே மண்ணில் தொடங்குங்கள், மற்ற இரண்டும் தானாகப் பின்னால் வரும். புத்தகம் தேர்ந்தெடுக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "இது எப்படித் தெரிந்தது?" என்பதை அந்தப் புத்தகம் காட்டுகிறதா? முடிவுகளை மட்டும் அடுக்கிவைக்கும் புத்தகம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் இரண்டாம் நாளே கூட்டத்தில் கொட்டாவி வந்துவிடும்.

முதல் கூட்டத்துக்குப் புத்தகமே வேண்டாம். எல்லோரும் அவரவர் மண்வள அட்டையைக் கொண்டுவரட்டும். அதில் கார அமில நிலை (பி.எச்.) என்று ஒரு எண் இருக்கும். தேயிலைக்கு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் நல்லது. கேரட் கொஞ்சம் மேலே, 6 பக்கம் கேட்கும். ஒருமுறை ஒரு விவசாயி இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "சார், போன தடவை 5.6, இந்தத் தடவை 4.6. ஒண்ணுதானே குறைஞ்சிருக்கு, இதுக்கா இத்தனை மூட்டை டோலமைட்?" என்றார். நியாயமான கேள்வி. டோலமைட் என்பது மண்ணின் அமிலத்தைக் குறைக்கப் போடும் சுண்ணாம்பு வகைக் கல்தூள். இந்த எண் குறையக் குறைய அமிலம் கூடும். அந்த "ஒண்ணு" பத்து மடங்கு. ஹைட்ரஜன் அயனியின் அடர்த்தியைப் பத்தின் அடுக்காக எழுதி, அந்த அடுக்கை மட்டும் கழித்தல் குறி இல்லாமல் எடுத்துச் சொல்வதுதான் இந்த எண். இரண்டு குறைந்தால் நூறு மடங்கு, மூன்று குறைந்தால் ஆயிரம். இந்த வசதியை 1909-இல் உண்டாக்கியவர் சோரன்சென், கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் மதுவாலையின் ஆய்வுக்கூடத்தில் நொதிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். புள்ளிக்குப் பின்னால் ஏழெட்டுப் பூஜ்யங்களை எழுதிச் சலித்துப்போகாமலிருக்க ஒரு வழி அவருக்கு வேண்டியிருந்தது. அந்த வழி மடக்கை (லாகரிதம்). மடக்கையை 1614-இல் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து நிலக்கிழார் ஜான் நேப்பியர். பெருக்கலைக் கூட்டலாக மாற்றிக் கணக்கிடுபவர்களின் பாரத்தைக் குறைக்க அவர் இருபது வருடம் உழைத்தார். உங்கள் தோட்டத்து அட்டையில் இருக்கும் ஒற்றை எண்ணுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

அந்த எண் மட்டும் தெரிந்தால் எத்தனை மூட்டை என்று சொல்லிவிட முடியாது என்பதையும் அன்றைக்கே பேசிவிடுங்கள். மட்கு நிறைந்த நம் மலைமண் அமிலத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொண்டு, சுண்ணாம்பு போடப்போட மெல்ல மெல்ல விடும். மணல்பாங்கான மண்ணும் மட்கு மண்ணும் ஒரே 4.6 காட்டினாலும் இரண்டுக்கும் தேவைப்படும் டோலமைட் அளவு வேறு.

மடக்கையின் கதை பிடித்துப்போனால் எலி மாவோர் எழுதிய "இ: தி ஸ்டோரி ஆஃப் எ நம்பர்" (1994) வாங்குங்கள். நேப்பியரிலிருந்துதான் அது தொடங்குகிறது. பின்பாதியில் நுண்கணிதம் வரும். ப்ளஸ் டூ பிள்ளைகள் அதைப் படிக்கட்டும், மற்றவர்கள் முதல் நாலைந்து அத்தியாயத்தோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

இனி மண் புத்தகங்கள். ஒன்றே ஒன்றுதான் வாங்கக் காசு இருக்கிறது என்றால் நான் சொல்வது டார்வினின் மண்புழுப் புத்தகம். 1881-இல் வந்தது, அவருடைய கடைசிப் புத்தகம். அடுத்த ஏப்ரலில் இறந்துவிட்டார். உயிரினங்களின் தோற்றத்தைப் பற்றி எழுதி உலகத்தைக் கலக்கியவர், கடைசியில் வீட்டுத் தோட்டத்துப் புழுவுக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். 1842 டிசம்பரில் தன் வீட்டுக்குப் பக்கத்து வயலில் உடைத்த சுண்ணாம்புக்கல்லைப் பரப்பிவிட்டு, 29 வருடம் காத்திருந்து, 1871 நவம்பர் கடைசியில் குறுக்கே ஒரு குழி வெட்டிப் பார்த்தார். வெள்ளைக் கோடு ஒன்று தரைக்கு 7 அங்குலம் கீழே ஓடிக்கொண்டிருந்தது. கல் தானாகப் புதையவில்லை. புழுக்கள் அடிமண்ணைத் தின்று மேலே தள்ளித் தள்ளி அதை மூடியிருந்தன. 7 அங்குலத்தை 29-ஆல் வகுக்கப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள், வருடத்துக்கு ஆறு மில்லிமீட்டர் வரும். அவ்வளவு சின்ன எண்ணுக்காக ஒரு மனிதர் 29 வருடம் பொறுத்திருந்தார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

புழுவுக்குக் காது கேட்குமா என்று சோதிக்க அவர் வீட்டில் விசில் ஊதினார்கள், பஸூன் என்ற ஊதுகுழல் வாசித்தார்கள், பியானோ வாசித்தார்கள். புழு அசையவில்லை. புழு இருந்த தொட்டியைப் பியானோ மேலேயே தூக்கி வைத்து ஒரு கட்டையை அழுத்தியதும் சடக்கென்று வளைக்குள் போய்விட்டது. காது இல்லை, அதிர்வு தெரிகிறது. இந்தப் பகுதியைச் சத்தமாகப் படியுங்கள், சின்னப் பிள்ளைகளும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். படித்து முடித்த கையோடு சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை எடுத்து, நாங்கூழ்ப் புழுவை உழுபவர்களுக்கெல்லாம் அரசன் என்று ஒரு பாத்திரம் போற்றும் இடத்தைப் படிக்கலாம். அது 1891-இல் வந்தது, டார்வின் புத்தகத்துக்குச் சரியாகப் பத்து வருடம் கழித்து. வடகிழக்குப் பருவமழை விட்டதும் புல்தரையில் புழு தள்ளிய மண் குமிழ் குமிழாக நிற்குமே, ஓர் அடிச் சதுரம் குறித்துக்கொண்டு தினமும் அதைப் பொறுக்கி, காயவைத்து, நகைத் தராசில் எடை போடட்டும். ஒரு மாதக் கணக்கு கையில் இருந்தால் டார்வினோடு சரிசமமாக உட்கார்ந்து பேசலாம்.

டேவிட் மாண்ட்கோமரியின் "டர்ட்" (2007) இரண்டாவது. கலப்பை பட்ட நிலத்தில் மண் உருவாகும் வேகத்தைவிட அரித்துப்போகும் வேகம் பல மடங்கு என்பதையும், அதனால் நாகரிகங்கள் நலிந்ததையும் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு போகிறார். சில இடங்களில் மண் ஒன்றையே காரணமாக்கிவிடுகிறாரோ என்று எனக்குத் தோன்றும். அதைக் கூட்டத்தில் விவாதமாக வையுங்கள். படிக்கும்போது ஒரு சின்னக் கணக்கைப் பலகையில் எழுதிவைக்க வேண்டும்: ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் மண் போனால் பத்துக் கன மீட்டர், எடையில் சுமார் 12 டன், ஒரு பெரிய லாரி லோடு. கண்ணுக்கே தெரியாத ஒரு மில்லிமீட்டர் அது. கேத்திப் பள்ளத்தாக்கில் உருளைக்கிழங்குப் பாத்தியைச் சரிவோடு மேலிருந்து கீழாக இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகும் என்பதற்காகச் செய்வது. விவசாயி பக்கமும் நியாயம் இருக்கிறது. அந்த இழுபறியை அமெரிக்காக்காரர் எழுதிய புத்தகத்தில் தேடினால் கிடைக்காது, உங்கள் கூட்டத்தில்தான் பேசியாக வேண்டும்.

மூன்றாவதாக ஆல்பர்ட் ஹோவர்டின் "ஆன் அக்ரிகல்சுரல் டெஸ்டமெண்ட்" (1940). இந்தூரில் கம்போஸ்ட் முறையை ஒழுங்குபடுத்தியவர். தேயிலைத் தோட்டத்தில் அந்த முறை எப்படிப் பயன்பட்டது என்பதும் அதில் உண்டு. நடை கொஞ்சம் பிரசங்கம் மாதிரி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நம் மலைக்காரர்கள் படிக்க வேண்டிய காரணம் வேறொன்றும் இருக்கிறது. ஹோவர்டு பெரிதும் மதித்த ராபர்ட் மெக்கரிசன் குன்னூரில் வேலை செய்தவர். 1918-இல் பாஸ்டர் இன்ஸ்டிடியூட்டின் ஒற்றை அறையில் பெரிபெரி நோயை ஆராயத் தொடங்கினார். அந்த அறைதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. சிம்ஸ் பூங்காவுக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

மெக்கரிசன் இந்தியாவின் பல பகுதி மக்களுடைய சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்து வளர்ச்சியை எடை போட்டார். முழுக் கோதுமை ரொட்டி, பால், நெய், காய்கறி கொண்ட சீக்கியர் சாப்பாட்டில் எலி நன்றாகத் தேறியது. அரிசியை நம்பிய மதராஸ் சாப்பாட்டில் பின்தங்கியது. 1926-இல் விஸ்வநாத் என்ற வேளாண் வேதியியலாளரோடு சேர்ந்து, தொழு உரம் போட்டு விளைந்த தானியத்துக்கும் ரசாயன உரத்தில் விளைந்ததற்கும் சத்தில் வித்தியாசம் உண்டா என்றும் சோதித்து, தொழு உரமே மேல் என்று எழுதினார். இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் இன்றுவரை மேற்கோள் காட்டுவது இதைத்தான். உங்கள் கூட்டம் அதோடு நிறுத்தக் கூடாது. ஒரு சாப்பாட்டுக்கும் இன்னொன்றுக்கும் நடுவே ஒரே சமயத்தில் எத்தனை பொருள் மாறுகிறது? எலி தேறியது கோதுமையாலா, பாலாலா? ஒன்றை மட்டும் மாற்றி மற்றதை அப்படியே வைத்தால்தானே பதில் கிடைக்கும்? இந்தக் கேள்விகளைப் பிள்ளைகள் தாங்களாகவே கேட்டுவிட்டால் அதற்கு மேல் நான் சொல்லித்தர எதுவும் இல்லை. மெக்கரிசனுக்குப் பின் குன்னூரில் பொறுப்பேற்ற அய்க்ராய்டு 1937-இல் இந்திய உணவுகளின் சத்து அட்டவணையை வெளியிட்டார். பிறகு ஹைதராபாத்தில் விரிந்து வந்த பதிப்புகளில் ஒன்றை வாங்கி வையுங்கள். கேழ்வரகு 100 கிராமில் 344 மில்லிகிராம் கால்சியம் என்று அதில் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் களியை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு நம்மாழ்வாரின் "உழவுக்கும் உண்டு வரலாறு", புகுவோகாவின் "ஒற்றை வைக்கோல் புரட்சி", ரேச்சல் கார்சனின் "மௌன வசந்தம்" இருக்கின்றன. புகுவோகாவைச் செய்முறைக் கையேடாகப் படிக்காதீர்கள். ஜப்பானின் மண்ணும் மழையும் வேறு. ஒரு மனிதர் தன் நிலத்தை எவ்வளவு கூர்ந்து கவனித்தார் என்று பார்ப்பதற்காகப் படியுங்கள்.

கணிதத்துக்குப் போகும் முன் ஒரு கண்ணாடி பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு சலித்த மண், மீதித் தண்ணீர், ஒரு சிட்டிகை வாஷிங் சோடா. ஐந்து நிமிடம் விடாமல் குலுக்கி, ஆடாமல் ஜன்னலோரம் வையுங்கள். மணல் கண்முன்னே சரசரவென்று இறங்கிவிடும். வண்டலில் நுண்ணியது இறங்கச் சில மணி நேரம் எடுக்கும். களிமண் துகள் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். ஏன் இத்தனை வித்தியாசம்? துகளின் விட்டம் பாதியானால் விழும் வேகம் பாதியாவதில்லை, கால் பங்காகிறது. வேகம் விட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றும். 0.05 மில்லிமீட்டர் துகள் பத்து சென்டிமீட்டர் இறங்க முக்கால் நிமிடம் எடுத்தால், அதைவிட 25 மடங்கு சிறிய 0.002 மில்லிமீட்டர் களித்துகள் 625 மடங்கு நேரம் எடுக்கும், கிட்டத்தட்ட எட்டு மணி நேரம். இது 20 டிகிரித் தண்ணீருக்கு. உங்கள் ஊர் டிசம்பர் விடியலில் தண்ணீர் குளிர்ந்து, பிசுக்கு கூடி, இன்னும் தாமதமாகும். இதைக் கண்டு சொன்ன ஸ்டோக்ஸ் 1851-இல் மண்ணைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஊசல் காற்றில் ஆடும்போது ஏற்படும் உராய்வைத்தான் கணக்கிட்டுக்கொண்டிருந்தார். நம் சிவப்பு மண்ணில் ஒரு சூது உண்டு: இரும்பு ஆக்சைடு களியைக் குட்டிக் குட்டி உருண்டையாகக் கட்டிப்போடுவதால், சோடா போடாவிட்டால் களியே மணல் வேஷம் போட்டுக்கொண்டு சீக்கிரம் கீழே இறங்கிவிடும். நானே முதல் வருடத்தில் ஏமாந்திருக்கிறேன்.

இந்த ருசி கண்டவர்களுக்கு ரஷ்ய எழுத்தாளர் பெரெல்மான் பிடிக்கும். அவருடைய "பொழுதுபோக்கு பௌதிகம்" பழைய சோவியத் பதிப்பாகத் தமிழில் வந்தது, பழைய புத்தகக் கடைகளில் கண்ணில் பட்டால் விடாதீர்கள். 1942-இல் லெனின்கிராடு முற்றுகையில் பட்டினியால் இறந்தார் அந்த மனிதர். பிள்ளைகளைச் சிரிக்கவைத்தே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

ராமானுஜன் பற்றி ராபர்ட் கனிகல் எழுதியது (1991) கனமான புத்தகம். கும்பகோணத்தை அவ்வளவு நிதானமாக விவரிக்கிறார். கணிதத்துக்குப் பயந்து தள்ளிவைக்க வேண்டாம். ஒன்றை மட்டும் கூட்டத்தில் செய்து பாருங்கள்: நான்கு கூழாங்கல்லை எத்தனை விதமாகக் குவியல் பிரிக்கலாம்? நான்கு, மூன்றும் ஒன்றும், இரண்டும் இரண்டும், இரண்டும் ஒன்றும் ஒன்றும், ஒன்று ஒன்றாக நான்கு. ஐந்து விதம். ஐந்து கல்லுக்கு ஏழு. பத்துக்கு 42. நூறு கல்லுக்கு 19,05,69,292. இருநூறுக்கு 39,72,99,90,29,388, இதை மக்மஹோன் என்ற கணித அறிஞர் கையாலேயே கணக்கிட்டு வைத்திருந்தார். ராமானுஜனும் ஹார்டியும் கண்ட சூத்திரம் அதோடு பொருந்தி நின்றது. கூழாங்கல்லில் தொடங்கி அங்கே போய் நிற்கும்போது அறையில் ஒரு அமைதி வரும், பாருங்கள்.

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி, பொன்னிலக்கம், நெல்லிலக்கம் படித்தவர்கள் எப்படிக் கணக்குப் போட்டார்கள் என்று தெரிய வேண்டுமா? செந்தில்பாபுவின் "மேத்தமேட்டிக்ஸ் அண்ட் சொசைட்டி" (2022). ஆராய்ச்சி நூல், ஆங்கிலம். வாத்தியார் முதலில் படித்துவிட்டு மற்றவர்களுக்குச் சொல்லட்டும். நிலம் அளந்தவர், தண்ணீர் பாய்ச்சியவர், கூலி கணக்கிட்டவர் எல்லோரிடமும் கணிதம் இருந்தது, ஏட்டில் எழுதியவர்களிடம் மட்டும் இல்லை என்று எடுத்துக் காட்டுகிறார். அதோடு கணக்கதிகாரத்தில் வரும் பலாச்சுளைக் கணக்கையும் சோதியுங்கள்: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் சுளை எண்ணிக்கை. சீசனில் பர்லியாரிலிருந்து நாலு பழம் வாங்கி வெட்டி எண்ணுங்கள். எந்தப் பழத்தில் எவ்வளவு பிசகுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தால் சராசரி, பிழை, மாதிரி அளவு எல்லாம் பழத்தோடு சேர்ந்து உள்ளே போகும்.

அறிவியல் வரலாற்றுக்கு ஜான் கீயின் "தி கிரேட் ஆர்க்" (2000). 1802-இல் லாம்டன் பரங்கிமலையில் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் முக்கோண அளவை பற்றியது. தஞ்சைப் பெரிய கோயில் மேல் ஏற்றும்போது கோணம் அளக்கும் அரை டன் கருவியான தியோடலைட் இடித்து வளைந்துபோக, ஆறு வாரம் கூடாரத்தில் அடைந்து கிடந்து அவரே அதை நிமிர்த்திய கதை ஒன்றுக்காகவே படிக்கலாம். டேவா சோபலின் "தி கிளாஸ் யூனிவர்ஸ்" (2016) ஹார்வர்டில் கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களை அளந்த பெண்களைப் பற்றியது. அதைப் படித்துவிட்டுக் கொடைக்கானல் போய்வாருங்கள். அங்கேயும் நூறு வருடத்துக்கு மேலான சூரியப் படங்கள் கண்ணாடித் தகட்டில் இருக்கின்றன. சூரியக் கரும்புள்ளியிலிருந்து வாயு வெளிப்பக்கம் பாய்வதை எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டது அந்த மலையில்தான்.

கொடைக்கானல் தூரம் என்றால் ஊட்டியை ஒட்டிய முத்தோரை பக்கத்தில் இருக்கிறதே. அங்கேயுள்ள ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். 1970-இல் வேலை செய்யத் தொடங்கியது. அதை அமைத்த கோவிந்த் ஸ்வரூப் ஏன் அந்தக் குன்றைத் தேடிப் பிடித்தார் என்று பிள்ளைகளைக் கேளுங்கள். ஊட்டியின் அட்சரேகை 11 டிகிரிக்குச் சற்று மேல். வடக்கு தெற்காக அதே 11 டிகிரிச் சரிவுள்ள குன்றில் உருளையைப் படுக்கவைத்தால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். பிறகு ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே போனால் வானத்தில் ஒரு மூலத்தை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் தொடரலாம். மற்றவர்கள் இரும்பில் செய்ததை மலைச்சரிவே செய்து கொடுத்தது. ஒன்பதாம் வகுப்பு வடிவியல் போதும் இதைப் புரிந்துகொள்ள.

இன்னொரு விஷயம். புத்தகமாக வராமல் ஆய்வுக் கட்டுரையாகவே நின்றுபோன நம் மலையின் அறிவும் இருக்கிறது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) தண்ணீரைக் குடிக்கிறதா என்று டீக்கடையில் ஆளாளுக்குச் சண்டை போடுகிறோம். ஊட்டி மண் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்பர்னில் பக்கத்துப் பக்கத்து இரண்டு புல்வெளிப் பள்ளங்களின் ஓடைநீரைச் சில வருடம் அளந்துவிட்டு, ஒன்றில் மட்டும் கற்பூர மரம் நட்டு மறுபடி அளந்தார்கள். முதல் பத்து வருடத்தில் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்தது. மெக்கரிசன் எலிச் சோதனையில் நாம் தேடிய அந்த "ஒன்றை மட்டும் மாற்றுவது" இங்கே இருக்கிறது பாருங்கள். அதேபோல் நம் சதுப்பு நிலத்து மட்கை அடுக்கடுக்காக எடுத்து, கார்பன் 13 என்ற சற்றுக் கனமான கார்பனின் அளவை வைத்து 20,000 வருடத்து வறட்சியையும் ஈரத்தையும் சுகுமார் குழுவினர் 1993-இல் நேச்சர் இதழில் எழுதினார்கள். வறண்ட காலத்துப் புல் ஒரு விதமான கார்பனையும், ஈரக் காலத்துத் தாவரம் வேறு விதமான கார்பனையும் மட்கில் விட்டுப் போகிறது. வாத்தியார் உதவியோடு இந்த இரண்டு கட்டுரைகளின் படங்களை மட்டுமாவது பாருங்கள்.

ஆங்கிலப் புத்தகத்துக்குத் தயங்க வேண்டாம். ஒருவர் ஒரு பக்கம் படிக்க, அடுத்தவர் அதைத் தமிழில் சொல்ல, நாள் ஒன்றுக்கு நாலு பக்கம் போனாலே ஒரு வருடத்தில் மூன்று புத்தகம் முடியும். டார்வினில் முதல் அத்தியாயத்தைத் தாண்டி, நேராகச் சுண்ணாம்புக்கல் வரும் மூன்றாவதில் தொடங்குங்கள். அன்றைக்கே இரண்டு பாட்டிலில் மண்ணைக் கலக்கி ஜன்னலோரம் வைத்துவிடுங்கள், ஒன்றில் தேயிலை மண், ஒன்றில் கேரட் மண். எட்டு மணி நேரம் கழித்து எது எவ்வளவு தெளிந்தது என்று எனக்கு எழுதுங்கள். தண்ணீரின் வெப்பநிலையையும் குறித்து அனுப்ப மறக்காதீர்கள்.